விடிய விடிய வள்ளி திருமணம்: 1930 பாணியில் ஒரு ஸ்பெஷல் நாடக இரவை நடத்துவது எப்படி

முதல் உலகப் போர் முடிந்ததிலிருந்து பேசும் படம் வந்து காலூன்றும் வரை, மதுரையில் ராத்திரிப் பொழுதுபோக்கு என்றால் ஸ்பெஷல் நாடகம்தான். கொட்டகையில் பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர்க்காரர், ஸ்திரீபார்ட் (நாயகி) வேறோர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அச்சாரம் கொடுத்து அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. வந்தவர்கள் வேஷம் கட்டி மேடையேறிவிடுவார்கள்.

ஒத்திகை இல்லாமல் ஏழெட்டு மணி நேரம் நாடகம் ஓடியதற்குக் காரணம் எல்லாரிடமும் ஒரே பாடம் இருந்ததுதான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய பாட்டும் வசனமும் தென் மாவட்ட நடிகர்களுக்கு மனப்பாடம். 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சின்ன வயதிலேயே உருப்போட்ட பிள்ளைகள், குரல் உடைந்து வெளியேறிய பிறகு ஸ்பெஷல் நாடகத்துக்கு வந்தார்கள். இன்றும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கம் இந்த நாடகம் நடக்கிறது. ஆனால் மைக்கும் டியூப் லைட்டும் வந்த பிறகு அதன் உருவம் மாறிவிட்டது. மைக் இல்லாமல், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், படுதா (காட்சித் திரை) கட்டி, அந்தக் காலத்து முறையில் ஓர் இரவை நடத்த நினைக்கும் ஊர்க் கமிட்டிகளுக்கும் கல்லூரி நாடகக் குழுக்களுக்கும் உரியது இந்தக் குறிப்பு.

முதல் தடவை நடத்துகிறவர்கள் வள்ளி திருமணத்தையே எடுங்கள். பவளக்கொடிக்கும் அல்லி அர்ஜுனாவுக்கும் ஆட்கள் அதிகம் வேண்டும். அரிச்சந்திராவில் மயான காண்டம் வரும்போது விடிந்துவிடும். அதைத் தாங்கிப் பாட நல்ல தொண்டை தேவை. வள்ளி திருமணத்துக்கு நாலு படுதாவும் ஆறு நடிகர்களும் போதும். கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் நடுவில் கண்ணயர்ந்தவரும் எழுந்து தொடர்ந்து பார்க்கலாம்.

ஆட்களை எந்த வரிசையில் பேசுவது

ராஜபார்ட்டை முதலில் பேசி, அவர் தேதிக்கு மற்றவர்களைத் தேடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். எங்கள் கருத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் ஹார்மோனியக்காரரும் பபூனும். ராஜபார்ட்டின் ரயில் தாமதமானால் பபூன் ஒருவரே ஒன்றரை மணி நேரத்தை ஓட்டிவிடுவார். ஸ்திரீபார்ட் ஒரு பாட்டில் அடியை மறந்தால் ஹார்மோனியக்காரர்தான் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார். இந்த இரண்டு பேரும் பலமாக இருந்தால் மற்றவர்களின் குறை வெளியே தெரியாது.

வள்ளி திருமணத்துக்குத் தேவையானவர்கள்: முருகனாக ராஜபார்ட், வள்ளியாக ஸ்திரீபார்ட், நாரதர், நம்பிராஜன், தோழி, பபூன், பபூனோடு ஆடும் டான்ஸ்காரர். தோழியும் டான்ஸ்காரரும் ஒருவராகவே இருக்கலாம். வாத்தியத்துக்கு ஹார்மோனியம், மிருதங்கம், பின்பாட்டு, ஜால்ராவும் மற்றச் சத்தங்களும் போட ஒருவர் (இன்று இவரை ஆல்ரவுண்ட் என்கிறார்கள்). மேக்கப்புக்கு ஒருவர், படுதா இழுக்க இரண்டு பேர், விளக்குக்கென்றே ஒருவர். விளக்குக்காரரை வேறு எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது.

பேசும்போது நாலு விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பாடம், எத்தனை கட்டை (பாடும் சுருதி), எந்த ஊரிலிருந்து எந்த வண்டியில் வருகிறார், அடுத்த நாள் ராத்திரி வேறு நாடகம் இருக்கிறதா. கடைசிக் கேள்வி வம்புக்காக அல்ல. மறுநாளும் நாடகம் உள்ளவர் தொண்டையை மிச்சம் பிடித்துத்தான் பாடுவார். நடிகருக்கு நடிகர் பாட்டு வரிசை மாறும். சுவாமிகள் பாடத்தோடு பிற்காலத்து மெட்டுகளைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. வள்ளியும் நாரதரும் வெவ்வேறு பாடம் வைத்திருந்தால், பாட்டாலேயே வாதிடும் தர்க்கத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவரிடம் பதில் பாட்டு இருக்காது. இதைப் பத்து நாளுக்கு முன்பே போனில் பேசித் தீர்க்க வேண்டும். மேடைக்குப் பின்னால் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்.

நோட்டீஸ்

டெம்மி தாளை நாலாக வெட்டிய அளவுதான் பழைய நாடக நோட்டீஸுக்குப் பொருத்தம். 8¾ அங்குலம் அகலம், 11¼ அங்குலம் நீளம். ஒரு ரீம், அதாவது 500 தாள் வாங்கினால் 2,000 நோட்டீஸ் வரும். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய கலர்த் தாளில் ஒரே மை. தேதியைத் தமிழ் மாதம், கிழமையோடு போடுங்கள். நேரம், இடம், தரை, பெஞ்சு, நாற்காலி டிக்கெட் விவரம், பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்ற வரி ஆகியவை அவசியம்.

தகராறு வருவது எழுத்தின் அளவில். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இருவர் பெயரும் ஒரே அளவில், ஒரே வரியில் எதிரெதிராக இருக்க வேண்டும். பபூன் பெயர் அடுத்த வரியில் தனியாக. ஹார்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் பெயர் போடாமல் விட்டால் அன்றைக்கு வாத்தியம் மந்தமாகத்தான் இருக்கும். புரூப் வந்ததும் ஊர்ப் பெயரையும் பட்டப் பெயரையும் சம்பந்தப்பட்டவரிடமே படித்துக் காட்டிவிடுங்கள்.

அந்தக் காலத்தில் பேண்டு வாத்தியத்தோடு வண்டி தெருத்தெருவாகப் போகும். பின்னால் ஓடி வரும் பிள்ளைகளுக்கு நோட்டீஸை வீசுவார்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் செலவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வயசு ஆட்களுக்குக் காகிதம்தான் போய்ச் சேரும்.

அனுமதி

1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் போலீஸுக்கும் அரசுக்கும் கொடுத்திருந்த அதிகாரம் அந்தக் காலத்து நடிகர்களுக்கு நிரந்தரத் தலைவலி. வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளைக் கொக்கை வெள்ளைக்காரனாக்கிப் பாடியதை ஊரே புரிந்துகொண்டது. நாடக நடிகர் விசுவநாததாஸ் இப்படிப் பாடிப் பலமுறை கைதானவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகன் வேஷத்திலேயே உயிர் விட்டார். இன்று உங்களுக்கு வரும் சிக்கல் வேறு: இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. நீங்கள் மைக்கே வைக்கவில்லை என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். ஆனாலும் கூட்டத்துக்கும் ராத்திரி வாத்தியத்துக்கும் காவல் நிலைய அனுமதி வேண்டும். திறந்த தீ பயன்படுத்துவதால் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

இடமும் மேடையும்

மைக் இல்லாத நாடகத்தில் பார்வையாளர் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நடிகரின் தொண்டை. கடைசி வரிசை மேடையிலிருந்து 60 அடிக்குள் இருக்கட்டும். 400 பேருக்கு மேல் டிக்கெட் கொடுக்காதீர்கள். பழைய கொட்டகைகளில் இதைவிடக் கூட்டம் உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் அன்று வெளியே லாரி ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஏசியும் உறுமவில்லை.

காற்று மேடையிலிருந்து ஜனங்களை நோக்கி வீசினால் குரல் தூரம் போகும். எதிராக வீசினால் இருபதாவது அடியிலேயே சொல் கரைந்துவிடும். வைகாசி முதல் ஆடி வரை தென் மாவட்டங்களில் மேல் காற்று. அந்த மாதங்களில் மேடையை மேற்கே வைத்துக் கிழக்குப் பார்க்கக் கட்டுங்கள். மேடைக்கு மூன்று பக்கமும் பலகையோ தகரமோ அடைத்தால் குரல் முன்னால் திரும்பும். பின்பக்கம் வெறும் துணி மட்டும் தொங்கினால் பாதிக் குரல் பின்னால் போய்விடும். ஆகவே கடைசிப் படுதாவுக்குப் பின்னால் ஓர் அடி தள்ளித் தகரத் தட்டி வையுங்கள்.

மேடை 20 அடி அகலம், 18 அடி ஆழம், 3 அடி உயரம். ஜனம் தரையில் உட்கார்வதால் இதற்கு மேல் உயர்த்தினால் முன்வரிசைக்காரருக்குக் கழுத்து வலிக்கும்; நடிகரின் பாதமும் தெரியாது. பலகைக்கு அடியில் இரண்டடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். டான்ஸ்காரர் குதிக்கும்போது பலகை துள்ளினால் ஹார்மோனியமும் துள்ளும். பலகை மேல் ஜமுக்காளம் விரிக்க வேண்டாம்; சலங்கைச் சத்தத்தை அது விழுங்கிவிடும்.

தரை டிக்கெட் முன்னால், பெஞ்சு அதற்குப் பின்னால், நாற்காலி கடைசியில் அல்லது ஓரங்களில். நாற்காலியை முன்னால் போட்டால் தரைக்காரருக்கு மறைக்கும். சத்தம் போட்டு நாடகத்தைத் தூக்கி நிறுத்துகிறவர்களும் தரைக்காரர்கள்தான். சோடாக் கடையையும் காப்பிக் கடையையும் குறைந்தது 50 அடி தள்ளி வையுங்கள். விருத்தத்தில் ராஜபார்ட் மேல் ஸ்தாயியில் நிற்கும் நேரம் பார்த்துத்தான் கோலி சோடா ‘பட்’டென்று உடையும்.

படுதா

வள்ளி திருமணத்துக்கு முன்திரை ஒன்று, அதன் பின் தெரு, காடு, தர்பார் என்று நாலு. இந்த வரிசை முக்கியம். முன்திரைக்கு 6 அடி பின்னால் தெருப் படுதா. பபூன் காமிக்கும் டான்ஸும் இந்த ஆறடிக்குள் நடக்கும்போதே, பின்னால் சத்தமில்லாமல் தர்பார் நாற்காலியைப் போட்டுவிடலாம். காடு அதற்கு 5 அடி பின்னால். தர்பார் கடைசியில். தெருப் படுதாவைத் தவறிப்போய்ப் பின்னால் கட்டினால் ஒவ்வொரு காட்சி மாற்றத்துக்கும் முன்திரையை விட வேண்டிவரும். திரை மூடிக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஜனம் எழுந்து வெளியே போகும் நிமிடம்.

படுதா கீழிருந்து மேலே சுருளும் வகை. காடாத் துணியின் அடியில் ஒரு மூங்கில், அதன் இரு முனையிலும் சுற்றிய கயிறு, மேலே கப்பி. கயிற்றை இழுத்தால் மூங்கில் உருண்டு துணியைச் சுற்றிக்கொண்டே மேலே போகும். பெரும்பாலும் வரும் கோளாறு, படுதா ஒரு பக்கம் உயர்ந்து கோணலாக நிற்பது. மூங்கில் அடி பருத்தும் நுனி சிறுத்தும் இருப்பதால் பருத்த பக்கம் ஒரு சுற்றுக்கு அதிகத் துணியை இழுக்கும். சிறுத்த முனையில் பழந்துணியைச் சுற்றி இரண்டு பக்கத்தையும் ஒரே சுற்றளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நூலால் அளந்து பார்த்தால் போதும். இரண்டாவது கோளாறு பனி. பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கிக் கப்பியில் சிக்கும். தை, மாசியில் நடத்துவதானால் நைலான் கயிறு போடலாம். யாரும் பார்க்கப் போவதில்லை.

புதிதாக எழுதுவதானால் சுண்ணாம்புத் தூளும் கலர்ப் பொடியும் வச்சிரப் பசையில் குழைத்துத் தீட்டுங்கள். ஆயில் பெயிண்ட் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்து ஓவியத்தை மறைக்கும். சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளவும் செய்யும். பசை அதிகமானால் காய்ந்து உதிரும். குறைந்தால் கை பட்ட இடமெல்லாம் வெள்ளையாக வரும். ஓரத்தில் ஒரு சாண் எழுதிக் காயவைத்து, நாலு தடவை சுருட்டி விரித்துப் பார்த்த பிறகு முழுப் படுதாவில் கை வையுங்கள்.

பெட்ரோமாக்ஸ்

ஏழு விளக்கு வேண்டும். மேடைக்கு முன்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மேக்கப் அறைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று, மாற்றாக எப்போதும் தயாராக ஒன்று. 500 மெழுகுவர்த்தி அளவு வெளிச்சம் தரும் விளக்கின் தொட்டி ஒரு லிட்டர் பிடிக்கும். ஏறக்குறைய எட்டு மணி நேரம் எரியும். முழு இரவுக்கு ஏழு லிட்டர் மண்ணெண்ணெய், மேலே இரண்டு லிட்டர் கையிருப்பு. மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். தொட்டியில் முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றினால் காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் சீக்கிரம் இறங்கும். ஆகவே நடுவில் ஒருமுறை எண்ணெய் ஊற்றத்தான் வேண்டும். அதை ராத்திரி ஒன்றரை மணிக்குள், ஒவ்வொரு விளக்காக, மாற்று விளக்கை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏற்றும் முறை இதுதான். புது மேன்டிலை (வெளிச்சம் தரும் வலைத் துணி) கட்டி, நெருப்புக் காட்டி முழுதும் வெள்ளைச் சாம்பலாகும் வரை எரியவிடுங்கள். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வையுங்கள். ஸ்பிரிட் தீரும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி, அழுத்தமானியில் சிவப்புக் கோடு வரும் வரை பம்ப் அடியுங்கள். பிறகு கைச்சக்கரத்தைத் திறந்தால் ‘உஸ்’ என்ற சத்தத்தோடு வெள்ளை வெளிச்சம் வரும். மஞ்சள் தீ எழும்பிக் கரி கக்கினால் குழாய் போதிய அளவு சூடாகவில்லை. எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது. உடனே காற்றைத் திறந்து விட்டு, ஆறவிட்டு, ஸ்பிரிட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அவசரப்பட்டு மேலும் பம்ப் அடிக்கிறவர்கள்தான் கை சுட்டுக்கொள்கிறார்கள். எரிந்துகொண்டிருந்த விளக்கு துடித்து மங்கினால் நிப்பிளில் அடைப்பு. சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் உள்ளிருக்கும் ஊசி குத்தி விடும். எரிந்த மேன்டில் வெறும் சாம்பல். விளக்கைக் கீழே ‘டக்’கென்று வைத்தாலே உடையும். ஏழு விளக்குக்கு இருபது மேன்டிலாவது கையில் இருக்கட்டும்.

முன் விளக்குகளை 8 அடி உயரத்தில், மேடை விளிம்பிலிருந்து 3 அடி முன்னால் தொங்கவிட்டு, ஜனங்கள் பக்கம் தகர மறைப்புக் கொடுங்கள். மறைப்பு இல்லாவிட்டால் பார்க்கிறவர் கண் கூசி மேடை இருட்டாகத் தெரியும். எந்த விளக்கும் துணியிலிருந்து 3 அடிக்குள் வரக் கூடாது. பக்கத்துக்கு இரண்டு வாளி மணல் வையுங்கள். மண்ணெண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் பரவும்.

மழை பெய்த மறுநாள் நாடகம் வைத்தால் ஈசல் வரும். பாடத் திறந்த வாய்க்குள் ஈசல் போவதை எந்த நடிகரும் மன்னிக்க மாட்டார். மாற்று விளக்கை மேடையிலிருந்து நாற்பதடி தள்ளி, மற்ற விளக்குகளுக்கு அரை மணி முன்னதாகவே ஏற்றி வைத்துவிட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

கட்டை

ஒத்திகையில்லாத நாடகத்தில் முன்கூட்டி ஒத்துப்போக வேண்டியது சுருதி ஒன்றுதான். மைக் இல்லாத காலத்தில் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும் என்பதால் எல்லாரும் உச்சத்தில் பாடினார்கள். அந்தக் காலத்து நாடக நட்சத்திரங்கள் எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் கூட்டத்தைக் கட்டிப்போட்டது அந்த உச்சக் குரலில்தான். 1933-இல் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27. அந்த அளவுக்கு இன்றைய நடிகரை இழுக்காதீர்கள். மைக்கோடு பழகியவர் மைக் இல்லாமல் வழக்கமான கட்டையிலேயே பாடினால்கூட இரண்டு மணி நேரத்தில் தொண்டை கட்டும்.

ராஜபார்ட் 4 கட்டை, ஸ்திரீபார்ட் 5 கட்டை என்று வைத்துக்கொள்வோம். தனிப்பாட்டில் பிரச்சினை இல்லை. ஹார்மோனியக்காரர் கை மாற்றி வாசிப்பார். தர்க்கத்தில் மாறி மாறிப் பாடும்போதுதான் சிக்கல்: ஹார்மோனியம் நொடியில் மாறும், மிருதங்கம் மாறாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, தர்க்கத்துக்கு மட்டும் இருவரும் 4½-க்கு ஒத்துக்கொள்வது. இல்லாவிட்டால் 4-க்கு ஒன்றும் 5-க்கு ஒன்றுமாக இரண்டு மிருதங்கம் சுருதி சேர்த்து வைப்பது. இரண்டாவது வழியில் மாற்றி எடுக்கும் நேரத்தில் தாளம் அறுபடும். முதல் வழியே மேல். எது முடிவானாலும், பாட்டுக்குப் பாட்டு யார் எத்தனை கட்டை என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஹார்மோனியத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். பழைய ஹார்மோனியங்கள் ஒன்றுக்கொன்று சரியாகச் சேராது. ஆகவே அன்றைக்கு வாசிக்கப் போகும் பெட்டியை வைத்துத்தான் பார்க்க வேண்டும், போன் செயலியை வைத்து அல்ல.

கால் ஹார்மோனியம் கிடைத்தால் விடாதீர்கள். மிதித்து வாசிப்பதால் இரண்டு கையும் வாசிக்கும் கட்டைகள் மேலேயே இருக்கும், சத்தமும் பெரிது. ஹார்மோனியக்காரர் உட்காரும் இடத்திலிருந்து நடிகரின் முகமும் இரு பக்க நுழைவாயிலும் தெரிய வேண்டும். மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ஒட்டிய ரவைப் பசை விளக்குச் சூட்டில் காயும்; காட்சி மாறும்போது தடவிக்கொள்ளத் தண்ணீரும் மாவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வேஷம்

மேக்கப் எட்டு மணிக்குத் தொடங்க வேண்டும்; அதற்குள் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். முகத்தைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவி, துணியால் ஒற்றி எடுங்கள். சிங்க் ஆக்சைடு பொடியைச் சில துளி எண்ணெயில் கல்லில் வைத்து இழைத்து, சிறிது மஞ்சளும் ரோஸும் சேருங்கள். மேன்டில் வெளிச்சத்தில் லேசான பச்சைச் சாயல் உண்டு. ரோஸ் சேர்க்காத முகம் அதில் நோயாளி முகமாகத் தெரியும். எண்ணெய் கூடிப்போனால் நெற்றி மின்னும், வேர்வையில் வழியும். மேலே பவுடரை ஒற்றி அடக்குங்கள். பழைய முறை என்று அசல் அரிதாரக் கல்லையும் ஈய வெள்ளையையும் தேடிப் போக வேண்டாம். முதலாவதில் ஆர்சனிக், இரண்டாவதில் ஈயம். கிழவர் வேஷத் தாடியை ஸ்பிரிட் கம்மில் ஒட்டுவதை விளக்கிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். அது எளிதில் தீப்பற்றும்.

இரவின் ஓட்டம்

ஒன்பதரைக்கு விளக்குகள் எரிய வேண்டும், வாத்தியம் தொடங்க வேண்டும். தெருவில் நிற்பவரை உள்ளே இழுப்பது ஹார்மோனியச் சத்தம்தான். பத்து மணிக்குத் திரைக்குப் பின்னிருந்து துதிப் பாட்டு. பத்தேகாலுக்குப் பபூன் வருகை. பதினொன்றேகால் வரை தனியாக, பிறகு டான்ஸோடு பன்னிரண்டு வரை. நாரதர் முருகனிடம் வள்ளியைப் பற்றிச் சொல்வதும், நம்பிராஜன் மகளைத் தினைப்புனக் காவலுக்கு அனுப்புவதும் ஒரு மணிக்குள் முடிய வேண்டும். ஒன்று முதல் இரண்டரை வரை வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம். பிறகு மான் தேடி வரும் வேடனாக முருகன், வள்ளியோடு தர்க்கம், நாலு மணி வரை. கிழவர் வேஷம், யானை, கல்யாணம், மங்களம் எல்லாம் ஐந்தரைக்குள்.

இந்தக் கணக்கு உடைவது அநேகமாக நாரதர் தர்க்கத்தில். இரண்டு பேரும் வாய்வீச்சுக்காரர்களாக அமைந்துவிட்டால் ஒருவரை ஒருவர் மடக்குவதிலேயே மூன்று மணி ஆகிவிடும். ஜனமும் கைதட்டி ஏற்றிவிடும். அப்புறம் முருகனுக்கு நேரமிருக்காது. கிழவர் காட்சி பத்து நிமிடத்தில் ஓடும். இவ்வளவு தூரம் வந்த ராஜபார்ட் முகம் சுருங்கிப் போவார். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் கடிகாரத்தோடு ஹார்மோனியக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டேகாலுக்கு அவர் காதில் சொன்னால் போதும். தர்க்கத்தை முடிக்கும் பாட்டின் மெட்டை அவர் எடுத்ததும் இரு நடிகருக்கும் புரிந்துவிடும். பக்கவாட்டில் நின்று நடிகருக்கு நேராகக் கை காட்டாதீர்கள். ஜனம் பார்த்துவிடும், நடிகருக்கும் அவமானம்.

‘ஒன்ஸ்மோர்’ கேட்பதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஒரு நடிகருக்கு இரண்டு என்று முன்பே பேசிக்கொண்டு, மொத்தம் நாற்பது நிமிடத்தைக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். மேலே சொன்ன நேரங்களில் அது அடக்கம். அன்பளிப்பு கொடுக்க மேடையேறுகிறவர்களைக் காட்சி மாறும் நேரத்துக்கு மட்டும் விடுங்கள். விருத்தத்தின் நடுவே அன்பளிப்போடு வந்து நிற்கும் பிரமுகர் எந்தக் காலத்திலும் உண்டு. அவரைத் தடுக்க ஊரில் மரியாதையுள்ள ஒருவரைப் படிக்கட்டில் உட்கார வைப்பதே ஒரே வழி.

பாடுகிறவர்களுக்குப் பால், பனங்கற்கண்டு, மிளகுக் கஷாயம் சுடச்சுட இருக்க வேண்டும். மூன்று மணிக்கு எல்லாருக்கும் காப்பி. ஐஸ் போட்ட எதையும் பின்பக்கம் அனுப்பாதீர்கள்.

மங்களம் பாடிய பிறகு

பாக்கிப் பணத்தைப் பெயர் எழுதிய உறைகளில் முதல் நாளே போட்டு வைத்து, வேஷம் கலைத்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். வழிச்செலவு தனி உறையில். ராத்திரி முழுக்க விழித்தவரை வசூல் எண்ணி முடியும் வரை காக்க வைப்பது அடுத்த வருஷம் அவர் உங்கள் ஊருக்கு வராமல் இருக்கச் செய்யும் நிச்சயமான வழி. வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெயும் பழந்துணியும், தாடி மீசைக்கு ஸ்பிரிட் தொட்ட பஞ்சும் வையுங்கள். அறையில் விளக்கு அணைந்திருக்க வேண்டும்.

படுதாவில் பனி ஏறியிருந்தால் உடனே சுருட்டாதீர்கள். எட்டு மணி வெயிலில் தொங்கவிட்டுக் காய்ந்த பிறகு, எழுதிய பக்கம் உள்ளே போகும்படி சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் வச்சிரப் பசை இளகி, காட்டு மரமெல்லாம் தர்பார்த் தூணோடு ஒட்டிக்கொள்ளும். விளக்குகள் ஆறியதும் காற்றைத் திறந்து, மிச்ச எண்ணெயை வடித்து, மேன்டிலைக் கழற்றி வையுங்கள். மேன்டில் சாம்பலை வாயால் ஊதித் தட்டக் கூடாது. ஈரத் துணியால் துடைத்துத் தாளில் பொதிந்து போடுங்கள். பழைய சரக்கு மேன்டில்களில் தோரியம் இருக்கும்.